ஆறு மணிச் செய்தியில் ‘நண்டுமரம்’ எங்கே போனார்? ராலே பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்

கேரி கத்தரிக்காய்:

வணக்கம். நாங்கள் நார்த் கரோலினாவில், ராலேக்குப் பக்கத்தில் கேரியில் இருக்கிறோம். அப்பா கும்பகோணத்திலிருந்து வந்தால் நாலைந்து மாதம் தங்குவார். வந்ததும் கேட்கும் முதல் வசதி ஆன்டெனா. கேபிள் வேண்டாம், யூடியூப் வேண்டாம். ஜன்னலில் ஒட்டிய இருபது டாலர் ஆன்டெனாவில் ஐந்தாம் சேனல் வர வேண்டும். அதாவது டபிள்யூஆர்ஏஎல். ஆறு மணிச் செய்திக்குக் காபி டம்ளரோடு உட்கார்ந்தால் வானிலை முடியும்வரை வீட்டில் யாரும் வாய் திறக்கக்கூடாது. தூர்தர்ஷனில் ஷோபனா ரவியும் வரதராஜனும் வாசித்த காலத்துப் பழக்கம்.

இங்கே டேவிட் க்ராப்ட்ரீ என்று ஒருவர் வாசிப்பார். அப்பா அந்தப் பெயரை மொழிபெயர்த்து ‘நண்டுமரம்’ ஆக்கிவிட்டார். “நண்டுமரம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்” என்பார். 2018 கடைசியில் ஊருக்குப் போனவர், கொரோனா எல்லாம் ஓய்ந்து 2022 செப்டம்பரில்தான் மறுபடி வந்தார். நண்டுமரத்தைக் காணோம். வானிலை சொல்லும் க்ரெக் ஃபிஷெலையும் காணோம். “நான் இல்லாத நேரம் பார்த்து மாற்றிவிட்டான்கள்” என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

இந்த முறை வேறொரு கதை. இன்னொரு சேனலில் காலையில் வாசிக்கும் பெண் வெள்ளிக்கிழமை இருந்தார், திங்கட்கிழமை இல்லை. போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை இல்லை. அவர்களுடைய ஃபேஸ்புக் பக்கத்தில் நூறு பேர் கேட்டும் பதில் இல்லை. அப்பா தினமும் என்னைக் கேட்கிறார், ஏதோ நான்தான் வேலையை விட்டு எடுத்த மாதிரி.

நம் ஊர் டிஆர்பி போல இங்கேயும் பாயிண்ட் குறைந்தால் ஆளை மாற்றிவிடுவார்களா? யார் அளக்கிறார்கள்? பன்னிரண்டு வருடமாக இங்கே இருக்கிறோம், எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வந்து கேட்டதில்லை.

பழைய டிராஃபிக்காரன்:

பெயரைப் பார்த்து, சாலை நெரிசல் சொல்கிறவன் என்று நினைக்காதீர்கள். டிவி நிலையத்தில் டிராஃபிக் என்றால் எந்த விளம்பரம் எத்தனை மணிக்கு எத்தனை நொடி ஓட வேண்டும் என்று பட்டியல் போடும் பிரிவு. தென்கிழக்கு மாநிலம் ஒன்றில், நடுத்தர ஊர் நிலையத்தில் பதினோரு வருடம் அந்த வேலை பார்த்தேன். என் மாமியார் இன்றுவரை தெருவில் எல்லோரிடமும் மாப்பிள்ளை அமெரிக்காவில் டிராஃபிக் போலீஸ் என்றுதான் சொல்லிவருகிறார்.

முதலில் நண்டுமரம். (இனிமேல் எனக்கும் அவர் அப்படித்தான்.) அவரை யாரும் தூக்கவில்லை. 1994ல் வந்தவர், 2022ல் ஓய்வு பெற்று, பிபிஎஸ் நார்த் கரோலினா என்ற பொது ஒளிபரப்பு நிலையத்தின் தலைமைப் பொறுப்புக்குப் போனார். 2018லேயே ஓய்வு என்று அறிவித்துவிட்டு மனசு மாறி நின்றவர். ஃபிஷெல் 1981ல் சேர்ந்து 2019ல் விலகினார். முப்பத்தெட்டு வருடம் ஒரே ஊருக்கு மழை சொல்லியிருக்கிறார். அப்பாவிடம் சொல்லுங்கள், அவர் இல்லாத நேரம் பார்த்தது தற்செயல்தான்.

ஆனால் அந்த நிலையத்தை வைத்து மற்றவற்றை எடை போடாதீர்கள். அது 1956ல் ஒளிபரப்பைத் தொடங்கியதிலிருந்து ஒரே உள்ளூர்க் குடும்பத்தின் கம்பெனி. மற்ற ஊர்களில் பெரும்பாலானவை நெக்ஸ்டார், சின்க்ளேர், கிரே மாதிரி கம்பெனிகளின் கையில் இருக்கின்றன. உங்கள் ஊரிலேயே 11ஆம் சேனல் நேரடியாக ஏபிசி என்ற தேசிய நெட்வொர்க்குக்குச் சொந்தம், 17ஆம் சேனல் நெக்ஸ்டாருடையது. முதலாளி ஊரில் இருந்தால் வாசிப்பவரை மளிகைக் கடையில் சந்திப்பார். டெக்ஸஸில் இருந்தால் எக்ஸெல் தாளில் சந்திப்பார். (போகிற போக்கில் ஒன்று: ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் 1960 முதல் 1972 வரை இதே ஐந்தாம் சேனலில் தலையங்கம் பேசியவர். அங்கிருந்து நேராக செனட்டுக்குப் போய் முப்பது வருடம் உட்கார்ந்தார். அவர் அரசியல் எனக்கு ஆகாது. ஆனால் உள்ளூர் டிவியில் தினமும் தெரிகிற முகத்துக்கு என்ன விலை என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.)

இனி அளவு. அளப்பது நீல்சன் என்ற கம்பெனி. நாட்டை 210 சந்தைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நியூயார்க் முதலாவது, மொன்டானாவில் இருக்கும் க்ளென்டைவ் கடைசி. ராலே-டர்ஹம் இருபதுகளில் வரும். பத்து லட்சத்துக்கு மேல் டிவி வீடுகள் இருக்கும் சந்தையில், என்ன பார்க்கிறார்கள் என்று குறிக்கும் மீட்டர் வைத்த வீடுகள் சில நூறுதான். இப்போது அதோடு கேபிள் பெட்டிகளிலிருந்து வரும் தகவலையும் சேர்க்கிறார்கள். அப்புறம் எப்படி உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்?

எண்ணில் இரண்டு வகை. சும்மா கணக்குக்கு ஊரில் 100 வீடு என்று வையுங்கள். ஆறு மணிக்கு 50 வீட்டில் டிவி ஓடுகிறது, அதில் 5 வீட்டில் உங்கள் சேனல். மொத்த வீடுகளில் நூற்றுக்கு 5, அது ரேட்டிங். டிவி ஓடும் வீடுகளில் மட்டும் நூற்றுக்கு 10, அது ஷேர். விற்பனைப் பிரிவினர் வாடிக்கையாளரிடம் எது பெரிதாகத் தெரிகிறதோ அதைக் காட்டுவார்கள். உண்மையில் விளம்பரக்காரர் கேட்பது இரண்டையும் இல்லை, 25 முதல் 54 வயதுக்காரர்கள் எத்தனை பேர் என்பதைத்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் அப்பா ஒருநாள் விடாமல் பார்த்தாலும் அந்தக் கணக்கில் அவர் வரமாட்டார்.

பிப்ரவரி, மே, ஜூலை, நவம்பர். இந்த நான்கும் ‘ஸ்வீப்ஸ்’ மாதங்கள். நான் இருந்த காலத்தில் விளம்பர விலை இவற்றில் வரும் எண்களை வைத்துத்தான் பேசப்பட்டது. அந்த மாதங்களில் வாசிப்பவர்களுக்கு லீவு கிடையாது. “உங்கள் குழாய்த் தண்ணீரில் என்ன இருக்கிறது? பத்து மணிக்குப் பாருங்கள்” என்று பயமுறுத்தும் முன்னோட்டம் எல்லாம் அப்போதுதான் வரும். ஆள் மாற்றம் பெரும்பாலும் அது முடிந்த கையோடு. அந்தப் பெண் எந்த மாதம் காணாமல் போனார்?

கேரி கத்தரிக்காய்:

ஜூன் முதல் வாரம்! மே முடிந்த கையோடுதான். அப்போ ரேட்டிங்தான் காரணமா?

மோரிஸ்வில் மாமி:

எங்கள் வீட்டுக்கு நீல்சன் வந்திருக்கிறது! ஆளாக இல்லை, தபாலில். அப்போது நாங்கள் கிரீன்வில்லில் இருந்தோம், இவர் அங்கே யுனிவர்சிட்டியில் படித்துக்கொண்டிருந்தார். உறைக்குள் ஒரு சின்ன டைரி, அதோடு மொடமொடவென்று சில ஒரு டாலர் நோட்டுகள். ஒரு வாரம் கால் மணிக்கு ஒரு கட்டமாக யார் என்ன பார்த்தோம் என்று எழுதி அனுப்ப வேண்டும். காசை வாங்கிவிட்டோமே என்று நான் பயந்து பயந்து எழுதினேன். உண்மையில் பார்த்தது சமையல் நிகழ்ச்சியும் பழைய சீரியலும். எழுதும்போது கொஞ்சம் மரியாதையாக இருக்கட்டும் என்று மாலைச் செய்தியையும் சேர்த்துவிட்டேன். எந்தச் சேனல் என்று நினைவில்லை, நாக்கில் வந்த நம்பரைப் போட்டேன். அந்தச் சேனலுக்கு அந்த வாரம் நல்லகாலம்.

விடைபெறுவது பற்றிச் சொன்னீர்களே. 11ஆம் சேனலில் லாரி ஸ்டாக்னர் என்று ஒருவர் கிட்டத்தட்ட நாற்பது வருடம் வாசித்தார். 2015 ஜனவரியில் நேரலையில், தனக்கு ஏஎல்எஸ் என்ற தீராத நரம்பு நோய் வந்திருக்கிறது என்று அவரே சொன்னார். பேச்சு ஏற்கெனவே குழற ஆரம்பித்திருந்தது. நான் கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்து நின்றவள், குழம்பு அடிபிடித்த வாசனை வந்த பிறகுதான் அசைந்தேன். அடுத்த வருடம் அக்டோபரில் இறந்துபோனார். எனக்கு அவரோடு ஒரு பழக்கமும் இல்லை. இருந்தாலும் அன்று இரவு சாப்பிட மனசு வரவில்லை.

வியாழக்கிழமை விரதம்:

சென்னையிலிருந்து எழுதுகிறேன், விளம்பர ஏஜென்சியில் மீடியா பிளானிங் வேலை. பெயர் வந்த காரணம், இந்தியாவில் டிவி பார்ப்பதை அளக்கும் ‘பார்க்’ (BARC) அமைப்பின் ரேட்டிங் வியாழக்கிழமை வரும், அன்று மதியம் யாருக்கும் சாப்பாடு இறங்காது.

இங்கே ராலே மாதிரி ஊருக்கு ஒரு சந்தை கிடையாது. தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்ந்து ஒரே சந்தை. மதுரையில் கேபிளில் வரும் உள்ளூர்ச் செய்திக்கு எங்கள் தாளில் தனி எண் பார்த்ததில்லை. அந்த ஊர் ஜவுளிக்கடைக்காரர் ரேட்டிங் பார்த்து விளம்பரம் கொடுப்பதில்லை, கடைக்கு வருகிறவர் “டிவியில பாத்தேன்” என்று சொன்னால் கொடுக்கிறார். அது ஒன்றும் மோசமான அளவுகோல் இல்லை என்பது என் கட்சி.

இன்னொன்று. 2020 அக்டோபரில் மும்பை போலீஸ் டிஆர்பி மோசடி வழக்கு என்று கிளம்பியதும், செய்திச் சேனல்களுக்கான வாராந்தர எண்ணை பார்க் நிறுத்தியது. திரும்ப வந்தது 2022 மார்ச்சில், அதுவும் நான்கு வாரச் சராசரியாக. இடையில் கிட்டத்தட்ட ஒன்றரை வருடம் எண்ணே கிடையாது. அப்போதும் செய்தி வாசிப்பவர்கள் சேனல் மாறிக்கொண்டுதான் இருந்தார்கள். அதனால் எல்லாவற்றையும் ரேட்டிங் தலையில் கட்ட வேண்டாம் என்று டிராஃபிக் அண்ணன் சொல்வார் என்று நினைக்கிறேன்.

பழைய டிராஃபிக்காரன்:

அதையேதான் சொல்ல வந்தேன், தம்பி முந்திக்கொண்டார்.

பதினோரு வருடத்தில் ஏழெட்டுப் பேர் போனதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரு மோசமான ஸ்வீப்ஸைக் காட்டி வெளியே அனுப்பியதாக எனக்கு நினைவுக்கு வருவது ஒரே ஒருவரை. மற்ற எல்லோரும் ஒப்பந்தத் தேதியில் போனவர்கள். வாசிப்பவர்களுக்கு இரண்டு வருடம், மூன்று வருடம் என்று ஒப்பந்தம். முடியும் சமயத்தில் நிலையம் ஒரு தொகை சொல்லும். ரேட்டிங் உள்ளே வருவது அந்த இடத்தில்தான். எண் நன்றாக இருந்தால் தொகை ஏறும், சுமாராக இருந்தால் பழைய சம்பளமே, சில நேரம் அதிலும் குறைவு. “இது எனக்குக் கட்டாது” என்று அவர்களே கிளம்புவார்கள். இருபது வருட அனுபவசாலி போன இடத்துக்கு, நூற்று இருபதாவது சந்தையிலிருந்து இருபத்தெட்டு வயதுக்காரர் பாதிச் சம்பளத்துக்கு வருவார். அதனால் இரண்டு பாயிண்ட் விழுந்தாலும் கணக்கு லாபமாகத்தான் நிற்கும். அந்தத் தாளை நானே பார்த்திருக்கிறேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்கள் நிலையத்தில் பன்னிரண்டு வருடம் வாசித்த ஒரு அம்மா இருந்தார். தன் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்பது அவருக்குத் தெரியும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. காரணம் ரொம்ப எளிது. ஜூலை மாத முன்னோட்டங்களின் பட்டியல் என் மேசைக்கு வந்தபோது, எதிலும் அவர் முகம் இல்லை. அன்று மதியம் மைக்ரோவேவ் பக்கத்தில் நின்று என்னிடம் கோடை விடுமுறைக்கு எங்கே போகிறாய் என்று கேட்டார். நான் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னேன். இன்றைக்கும் எலுமிச்சை சாதம் கட்டினால் அந்த மதியம் ஞாபகம் வருகிறது.

விடைபெறாமல் போவதற்கும் காரணம் கல்நெஞ்சம் இல்லை, வக்கீல். நேரலையில் மைக்கைக் கொடுத்தால் என்ன பேசுவார் என்று யாருக்குத் தெரியும்? அதனால் கடைசி நாள் என்று சொல்லாமலே கடைசி நாளை முடித்துவிடுவார்கள். மீதி நாட்களுக்குச் சம்பளம் வீடு தேடி வரும். அதோடு பெரும்பாலான ஒப்பந்தங்களில், அதே ஊரில் போட்டி நிலையத்தில் ஆறு மாதமோ ஒரு வருடமோ முகம் காட்டக்கூடாது என்று ஒரு பிரிவு இருக்கும். அதனால்தான் கொஞ்ச நாள் வீடு விற்கும் ஏஜெண்டாகவோ மருத்துவமனை செய்தித் தொடர்பாளராகவோ இருந்துவிட்டு, திடீரென்று எதிர்ச் சேனலில் முளைப்பார்கள்.

முகத்துக்கு ஏன் இவ்வளவு பாடு என்றால், 2016 பிப்ரவரி 29ஐ நினைத்துப் பாருங்கள். அன்று ஐந்தாம் சேனல் சிபிஎஸ் நெட்வொர்க்கை விட்டு என்பிசி நெட்வொர்க்குக்கு மாறியது. ராத்திரி நாடகங்கள், விளையாட்டு எல்லாம் இடம் மாறின. ஆறு மணிக்குப் பழைய ஆட்களே வாசித்தார்கள். நிலையத்துக்குச் சொந்தச் சமையல் என்று இருப்பது செய்தி மட்டும்தான், மீதியெல்லாம் வெளியிலிருந்து வரும் சாப்பாடு.

தேர்தல் வருடத்தில் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழ். நார்த் கரோலினா இழுபறி மாநிலம். அக்டோபரில் கார்க் கடைக்காரருக்கு இடமே கிடைக்காது. பொதுத்தேர்தலுக்கு முந்தைய 60 நாள் வேட்பாளர்களுக்கு இருப்பதிலேயே குறைந்த விலைக்குக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். வேட்பாளர் அல்லாமல் விளம்பரம் போடும் அரசியல் குழுக்களுக்கு அந்தச் சலுகை இல்லை, அவர்களிடம்தான் கறப்பார்கள். எல்லோருக்கும் செய்தி நேரம்தான் வேண்டும். அந்த ரெண்டு மாதம் நான் கனவில்கூட முப்பது நொடிக் கட்டங்களைத்தான் பார்ப்பேன்.

மோரிஸ்வில் மாமி:

நம் பெருமாள் கோயில் ராஜகோபுரத்தை 2022ல் கவர்னர் ராய் கூப்பர் வந்து திறந்துவைத்தாரே, அன்று மைக்கோடு வந்த பெண்கூட இப்போது இல்லை போல. பிரசாதம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் புளியோதரை கேட்டாள். நல்ல பெண்.

கேரி கத்தரிக்காய்:

எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். 25–54 விஷயத்தை மட்டும் தாண்டிப் போகப் பார்த்தேன், பிடித்துவிட்டார். “நான் பல்பொடியிலிருந்து பி.பி. மாத்திரை வரை வாங்குகிறேன், என்னை எண்ணமாட்டானா?” என்று கொஞ்ச நேரம் கத்தினார்.

அப்புறம் அந்த ஒரு வருடப் பிரிவைத் திரும்பச் சொல்லச் சொன்னார். விரல்விட்டு எண்ணினார். ஜூனில் போன பெண், அடுத்த ஜூனில் வேறு சேனலில் வரலாம். அப்பா அடுத்து வருவது ஜூலையில். ஊருக்குப் போனதும் ஆன்டெனாவைக் கழற்றிவிடக்கூடாது என்று எனக்கு உத்தரவு.