கிரிபால்டியின் மரபு: டிராகேனர் பதிவேட்டுக்குள் எவ்வளவு, வெளியே எவ்வளவு?

கேள்வி: வம்சாவளி வாசகன்

விளையாட்டுக் குதிரைகளின் வம்சாவளிகளைச் சில காலமாகப் படித்துவருகிறேன். 1993-இல் பிறந்த, டிராகேனர் என்னும் ஜெர்மானியச் சவாரிக் குதிரை இனத்தின் பொலிகுதிரையான (இனப்பெருக்கத்துக்கான ஆண்குதிரை) கிரிபால்டியைப் பற்றி எங்கே படித்தாலும், இரண்டாவது வரியிலேயே அதன் மகன் டோட்டிலாஸ் வந்துவிடுகிறது. 2009-இல் விண்ட்சரில் நடந்த ஐரோப்பிய டிரெசாஜ் (குதிரையின் நடையையும் பயிற்சி நேர்த்தியையும் மதிப்பிடும் விளையாட்டு) போட்டியின், இசைக்கேற்ப நிகழ்த்தும் ஃப்ரீஸ்டைல் சுற்றில் 90.70 விழுக்காடு பெற்று, அதுவரை எந்தக் குதிரையும் எட்டாத எல்லையைக் கடந்தது டோட்டிலாஸ். அதே ஆண்டு டிசம்பரில் லண்டன் ஒலிம்பியா அரங்கில் 92.30 பெற்றது, 2010-இல் கென்டக்கியில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கங்களையும் வென்றது. ஆகவே தந்தையைப் பற்றிய பேச்சில் மகன் முந்திக்கொள்வதில் வியப்பில்லை.

எனக்குள்ள சிக்கல் வேறு. டோட்டிலாஸ் ஒரு டிராகேனர் அல்ல. அதன் தாய் லோமின்கா நெதர்லாந்தின் சவாரிக் குதிரை வளர்ப்புச் சங்கமான கே.டபிள்யூ.பி.என். பேணும் பதிவேட்டைச் சேர்ந்தது என்பதால் மகனும் அந்தப் பதிவேட்டிலேயே இடம்பெற்றது. டிராகேனர் சங்கமோ தூய இனப் பதிவேட்டைப் பேணுவது. அப்படியானால், தன் மிகப் புகழ்பெற்ற வாரிசையே தன் இனத்துக்குத் தர முடியாத ஒரு பொலிகுதிரையை அந்த இனத்தின் பெருந்தூண்களில் ஒன்றாகக் கொண்டாடுவது எந்த அளவுக்குப் பொருந்தும்? டோட்டிலாசை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தால் கிரிபால்டியின் மரபு என்று எது எஞ்சும்? விவரமறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதில்: நெடுவழிப் புரவி

டோட்டிலாசை ஒதுக்கிவைத்தாலும் எஞ்சுவது மிகப் பெரிது என்பதே என் கருத்து. அதற்கு முன் பதிவேட்டைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும்.

டிராகேனர் இனத்தின் தொடக்கம் கிழக்குப் பிரஷ்யாவில், 1732-இல் முதலாம் ஃபிரெடரிக் வில்லியம் அரசர் அமைத்த டிராகேனன் பண்ணையில். அந்த இடம் இன்று ரஷ்யாவின் கலினின்கிராட் பகுதியில் இருக்கிறது. 1945 தொடக்கத்தில் சோவியத் படைகள் நெருங்கியபோது, உறைந்து கிடந்த கடற்கழியின் பனிப்பரப்பின் மீது வண்டிகளை இழுத்துக்கொண்டு மேற்கே தப்பி வந்த குதிரைகளில் மிகச் சிறு பகுதியே உயிர் பிழைத்தது. அந்த எச்சத்தைக் கொண்டுதான் 1947-இல் மேற்கு ஜெர்மனியில் இன்றைய சங்கம் உருவானது. எண்ணிக்கை அவ்வளவு சுருங்கிய பிறகும், வேறு வார்ம்பிளட் (நடுத்தர உடற்கட்டுள்ள சவாரிக் குதிரை) இனங்களின் இரத்தத்தை அவர்கள் ஏற்கவில்லை. தரோபிரெட் (ஆங்கிலப் பந்தயக் குதிரை), அரபு, ஆங்கிலோ அரபு, ஷாகியா அரபு ஆகியவற்றுக்கு மட்டுமே கதவு திறந்திருக்கிறது. அதுவும் ஒவ்வொரு குதிரையாகத் தேர்வு செய்த பிறகே. ஹனோவேரியன், ஓல்டன்பர்க், கே.டபிள்யூ.பி.என். ஆகியவை தங்களுக்குள் தாராளமாகக் கலந்துகொள்ளும் இக்காலத்தில் இது தனித்து நிற்கும் நிலைப்பாடு.

இதன் விளைவாகப் போக்குவரத்து ஒரே திசையில் நடக்கிறது. டிராகேனர் பொலிகுதிரை ஒன்று பிற பதிவேடுகளுக்குச் சென்று பணியாற்றலாம். அங்கே பிறந்த குட்டி திரும்பி வர முடியாது. கிரிபால்டியும் அப்படித்தான் சென்றது. தந்தை கோஸ்டொலானி, தாய் கொண்டோலா. 1995-இல் நாய்மூன்ஸ்டர் நகரில் நடந்த பொலிகுதிரைத் தேர்வில் அது முதன்மை இடத்தைப் பெற்றது. பின்னர் நெதர்லாந்துக்குச் சென்று, அங்கே எட்வர்ட் காலின் சவாரியில் டிரெசாஜின் உச்ச நிலையான கிராண்ட் பிரீ வரை போட்டியிட்டது. டச்சு வளர்ப்பாளர்கள் தங்கள் பெண்குதிரைகளுக்கு அதனை விரும்பிப் பயன்படுத்தினார்கள். அங்கிருந்து வந்தவைதான் டோட்டிலாஸ், ஆங்கி ஃபான் கிரன்ஸ்வென் சவாரி செய்த பெயின்டட் பிளாக், சிஸ்தர் டி ஜூ முதலியவை. பெயின்டட் பிளாக் பிற்காலத்தில் ஸ்பெயினின் மோர்கன் பர்பான்சோனுடன் 2012 லண்டன் ஒலிம்பிக்கிலும் களமிறங்கியது. கிரிபால்டி 2010-இல் இறந்தது. மகன் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்றது அதற்குச் சில மாதங்கள் கழித்து.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கிரிபால்டிக்கும் எவிட்டா என்ற டிராகேனர் பெண்குதிரைக்கும் பிறந்தது ஈசி கேம் என்ற பொலிகுதிரை. ஈசி கேமுக்கும் ஹான்ட்ரிக் என்ற பொலிகுதிரையின் மகளான டார்க் மேஜிக்குக்கும் 2007-இல் பிறந்தது டலேரா. ஜெசிகா ஃபான் பிரெடோ-வெர்ன்டலுடன் டலேரா 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் தனிநபர் தங்கம், அணித் தங்கம் இரண்டையும் வென்றது. இடையே 2022-இல் லைப்சிக்கிலும் 2023-இல் ஒமாஹாவிலும் உலகக் கோப்பை இறுதிப் போட்டிகளை வென்றது. தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் டிராகேனர். கிரிபால்டியின் பேத்தி. பதிவேட்டுக்குள் அந்தப் பொலிகுதிரை விட்டுச்சென்றது என்ன என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேறு எந்த டிராகேனர் பொலிகுதிரைக்கும் அண்மைக் காலத்தில் கிடைத்ததில்லை என்று துணிந்து சொல்வேன்.

பதில்: மரபியல் மாணவி

மேலே சொல்லப்பட்ட செய்திகளில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அவற்றிலிருந்து எட்டப்படும் முடிவில் சற்று நிதானம் தேவை என்று கருதுகிறேன்.

முதலாவதாக, சவாரி செய்தவர் யார் என்பதைக் கவனியுங்கள். எட்வர்ட் கால் கிரிபால்டியின் மீதும், டோட்டிலாசின் மீதும், சிஸ்தர் டி ஜூவின் மீதும் போட்டியிட்டவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் ஏறிய டோட்டல் யு.எஸ். என்ற குதிரை டோட்டிலாசின் வாரிசு. மூன்று தலைமுறைக் குதிரைகளை ஒரே கை பயிற்றுவித்திருக்கும்போது, திறமையில் எவ்வளவு இரத்தத்தில் வந்தது, எவ்வளவு பயிற்சியில் வந்தது என்று பிரித்தறிவது கடினம். 2010 அக்டோபரில் டோட்டிலாஸ் ஜெர்மனிக்கு விற்கப்பட்டு மத்தியாஸ் ராத்திடம் சென்ற பிறகு, முன்பு பெற்ற மதிப்பெண்களை அது மீண்டும் எட்டவில்லை. காயங்களும் அதற்குக் காரணம்தான். ஆயினும் ஒரே மரபணுக்களை உடைய ஒரே உடல் இரண்டு சவாரியாளர்களிடம் இரண்டு விதமாக வெளிப்பட்டது என்பதை மறுக்க முடியாது.

இரண்டாவதாக, டிரெசாஜ் போட்டி முடிவுகளில் பரம்பரையின் பங்கு ஒப்பீட்டளவில் குறைவு என்றே மரபியல் மதிப்பீடுகள் காட்டுகின்றன. இளம் குதிரைகளைத் தேர்வுக்களத்தில் நிறுத்தி நடையையும் உடலமைப்பையும் மதிப்பிடும்போது அந்தப் பங்கு கூடுதலாகத் தெரிகிறது. ஆகவே ஒரு பொலிகுதிரையை அதன் உச்ச வாரிசைக் கொண்டு அளப்பது நம்பகமான முறையன்று. அதன் சராசரி வாரிசு, அதே காலத்து மற்றப் பொலிகுதிரைகளின் சராசரி வாரிசைவிட எவ்வளவு மேலானது என்பதே பொருத்தமான அளவுகோல். தேர்வில் முதன்மை பெற்ற பொலிகுதிரைக்குச் சிறந்த பெண்குதிரைகள் தேடி வரும்; சிறந்த குட்டிகளுக்குச் சிறந்த சவாரியாளர்கள் தேடி வருவார்கள். இந்தச் சாதகத்தைக் கணக்கில் கழிக்காமல் பேசினால், புகழே புகழை வளர்த்துக்கொள்ளும் வட்டத்துக்குள் சிக்கிக்கொள்வோம்.

டலேராவைப் பற்றி ஒரு நுணுக்கமான செய்தியையும் சேர்க்கிறேன். பேத்தியிடம் பாட்டனின் மரபணுக்கள் சராசரியாகக் கால் பங்கு இருக்கும். உண்மையில் அது சற்றுக் கூடலாம், குறையலாம். ஆனால் எக்ஸ் நிறப்புரியில் கிரிபால்டியின் பங்கு சுத்தமாக இல்லை. பொலிகுதிரை தன் மகளுக்குத் தரும் எக்ஸ், தன் தாயிடமிருந்து பெற்றது. எனவே தந்தைவழியாக டலேராவுக்கு வந்த எக்ஸ், கிரிபால்டியைத் தாண்டி எவிட்டாவிடமிருந்து வந்தது. வம்சாவளித் தாளில் ஆண் வரிசையை மட்டும் தடித்த எழுத்தில் அச்சிடும் வழக்கத்தில் எவிட்டாக்களும் லோமின்காக்களும் மறைந்துபோகிறார்கள். பெண்குதிரைக் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த டிராகேனர் வளர்ப்பாளர்கள் இதை நன்கறிவார்கள். குட்டியின் பெயரே தாயின் பெயரின் முதலெழுத்தில் தொடங்க வேண்டும் என்பது அவர்களுடைய மரபு. கொண்டோலாவின் மகன் கிரிபால்டி, எவிட்டாவின் மகன் ஈசி கேம், டார்க் மேஜிக்கின் மகள் டலேரா. இவற்றை ஜெர்மானிய எழுத்துகளில் பார்த்தால் ஒழுங்கு இன்னும் தெளிவாகத் தெரியும்.

பதில்: வம்சாவளி வாசகன்

இருவருக்கும் மிக்க நன்றி. மரபியல் மாணவி அவர்களே, சவாரியாளரைப் பற்றிய தங்கள் வாதத்தை ஏற்கிறேன். ஆனால் டலேரா அந்த வாதத்துக்கு அப்பாற்பட்டதல்லவா? வேறு நாடு, வேறு சவாரியாளர், வேறு தாய்வழி. பெயின்டட் பிளாக்கும் எட்வர்ட் காலின் குதிரையன்று. இவை தனித்தனிச் சான்றுகளாக நிற்காவா?

பதில்: மரபியல் மாணவி

நிற்கும். டலேராவை முன்வைத்துத்தான் கிரிபால்டியின் தரத்தைப் பேச வேண்டும் என்பது என் எண்ணமும்கூட. டோட்டிலாசைவிட அதுவே வலுவான சான்று. சான்றுகள் இரண்டு மூன்றே என்பதையும், அவை வெற்றி பெற்ற பிறகு நாம் பொறுக்கியெடுத்தவை என்பதையும் மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதில்: பழைய பதிவேடு

கிரிபால்டியைத் தனியொரு நிகழ்வாகப் பார்ப்பதால்தான் கேள்வி கடினமாகத் தோன்றுகிறது. போருக்குப் பிந்தைய வரலாற்றில் டிராகேனர் பொலிகுதிரைகள் பலவற்றின் பெரும் பணி பிற பதிவேடுகளில்தான் நடந்தேறியிருக்கிறது.

1942-இல் பிறந்த அப்கிளான்ஸ் ஹனோவேரியன் வளர்ப்பின் மையமான செல்லே அரசுப் பண்ணையில் பணியாற்றியது. அங்கே அதற்கு 1960-இல் பிறந்த அப்சாட்ஸ், அவ்வினத்தின் கனத்த உழவுக் குதிரைகளை இலகுவான சவாரிக் குதிரைகளாக மாற்றிய பொலிகுதிரைகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. அதன் மகன் அர்கென்டான் அந்த வழியை மேலும் பரப்பியது. இதைவிட வியப்பானது ஜுல்மண்டின் கதை. 1938-இல் பிறந்து, போரின் இறுதியில் கிழக்கிலிருந்து தப்பி வந்த ஜுல்மண்ட், இருபது வயதைக் கடந்த நிலையில் 1960-இல் தென்ஜெர்மனியின் மார்பாக் பண்ணைக்குக் கொண்டுவரப்பட்டது. சில ஆண்டுகளே அங்கே உயிரோடிருந்தும், இன்றைய வூர்ட்டம்பர்க் சவாரிக் குதிரையின் மூதாதை என்று போற்றப்படும் நிலையை அடைந்தது. அந்த முதிய குதிரைக்குப் பெண்குதிரைகளை அனுப்பத் துணிந்த மார்பாக் பண்ணையாரின் கண்ணைத்தான் நான் முதலில் பாராட்டுவேன். தடைதாண்டும் துறையில் வெள்ளைப் பொலிகுதிரை அப்துல்லாவைச் சொல்லலாம்: கான்ராட் ஹோம்ஃபெல்டுடன் 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அணித் தங்கமும் தனிநபர் வெள்ளியும், 1985-இல் பெர்லினில் உலகக் கோப்பையும் வென்று, அமெரிக்க வளர்ப்பில் பல இனப் பெண்குதிரைகளுக்கும் பயன்பட்டது.

அப்கிளான்சையும் ஜுல்மண்டையும் எந்த டிராகேனர் வளர்ப்பாளரும் கைவிட்டுப்போனவையாகக் கருதுவதில்லை. தம் இனத்தின் இரத்தம் பிற இனங்களைச் செம்மைப்படுத்துகிறது என்பதே மூடிய பதிவேட்டை இவ்வளவு காலம் காத்ததற்கு அவர்கள் கூறும் நியாயங்களில் ஒன்று. பதிவேட்டைத் திறந்துவிட்டால், வெளியே கொடுப்பதற்கு வேறுபட்டதாக எதுவும் மிஞ்சாது. ஆனால் இதற்கு விலையும் உண்டு. சிறிய இனத்தில் ஒரு பொலிகுதிரை பெரும்புகழ் அடைந்தால், அடுத்த தலைமுறையின் நல்ல பெண்குதிரைகள் பெரும்பாலானவற்றில் அதன் பெயர் ஏறிவிடும். அவற்றுக்கு ஏற்ற, நெருங்கிய உறவல்லாத துணையைத் தேடுவது கடினமாகும். தரோபிரெட் பொலிகுதிரைகளை அவ்வப்போது புகுத்தும் தேவை அங்கிருந்துதான் எழுகிறது. கிரிபால்டியின் வாரிசுகளில் கணிசமானவை கே.டபிள்யூ.பி.என். பக்கம் சென்றதை இழப்பாகவே எண்ண வேண்டியதில்லை. தாயகத்தில் அதன் இரத்தம் அளவுக்கு மீறிக் குவியாமல் இருக்க அதுவும் ஓரளவு உதவியிருக்கும் என்பது என் மதிப்பீடு.

பதில்: நெடுவழிப் புரவி

கடைசியாகச் சொல்லப்பட்டது முக்கியமானது. கிரிபால்டியின் பெயரைக் கண்டு மயங்கி ஒரு குட்டியைத் தேர்ந்தெடுக்க விரும்புவோருக்கு என் நடைமுறை ஆலோசனை: அந்தப் பெயர் எத்தனையாவது தலைமுறையில் இருக்கிறது, இருபுறமும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூன்றாம் தலைமுறையில் ஒருமுறை மட்டும் இருந்தால் அதன் பங்கு சராசரியாக எட்டில் ஒன்றே. தாய் எப்படி நடக்கிறாள், அவளுடைய முந்தைய குட்டிகள் பயிற்சியை எப்படி ஏற்றுக்கொண்டன என்பவை அதைவிடப் பயனுள்ள செய்திகள். டோட்டிலாசைப் பற்றிக் கேட்ட தொடக்கக் கேள்விக்கும் இது பொருந்தும்: அதன் முன்னங்கால் வீச்சையே பலரும் வியந்தார்கள், ஆனால் கிரிபால்டியின் வாரிசுகளைத் தொடர்ந்து கவனித்தவர்கள் முதலில் பார்ப்பது பின்னங்கால்கள் உடலின் கீழ் வந்து எடையைத் தாங்கும் விதத்தையும், பியாஃபில் (நின்ற இடத்திலேயே தாளத்துடன் கால் தூக்கிவைக்கும் அசைவு) தாளம் குலையாமல் நிற்கும் திறனையும்தான். டலேராவின் பாரிஸ் ஃப்ரீஸ்டைல் ஒளிப்பதிவை அந்த ஒரு நோக்கில் மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு, பின்னர் டோட்டிலாசின் 2009 ஒளிப்பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.