நைனாவுக்குக் கடைவாய்ப் பல் ஆடுது, பிடுங்கலாமா?

குடியாத்தம்காரன்:
நைனாவுக்கு 62 வயசு. நெசவாளி. தறிக்குழியில இறங்குனா வாயில புகையிலை இருக்கும். 2021ல இடது கன்னத்துல புத்துநோய். ஆபரேஷன் முடிச்சு 30 நாள் கரண்டு (கதிர்வீச்சு சிகிச்சை) வெச்சாங்க. ரெண்டு வருஷம் ஒழுங்கா செக்கப் போனாரு. அப்புறம் "நல்லாத்தானே இருக்கேன்"னு நிறுத்திட்டாரு. இப்ப அதே பக்கம் கீழ்க்கடைவாய்ப் பல் ஆடுது, ராத்திரியில வலி. தெருமுனை பல் டாக்டர் நாளன்னைக்கு பிடுங்கிடலாம்ங்குறாரு. கரண்டு வெச்சத நாங்களும் சொல்லல, அவரும் கேக்கல. ஒரு பல்லுக்காக வேலூர் போகணுமா? இன்னொண்ணு, எந்நேரமும் அசதி. மே மாச வெயில்லயும் போர்வை கேக்குறாரு. வயசுதானா?

காட்பாடி அக்கா:
தம்பி, பிடுங்காதீங்க! எனக்கு நாக்குல வந்து 9 வருஷம் ஆச்சு. நாலாவது வருஷம் இதே மாதிரி ஒரு பல்ல எடுத்துட்டேன். குழி ஆறவே இல்ல. நாக்கால தடவுனா சொரசொரன்னு எலும்பு தட்டுச்சு. கரண்டு பட்ட தாடையில ரத்த ஓட்டம் கொறஞ்சிடும், எலும்பே செத்துப் போகலாம். எத்தனை வருஷம் போனாலும் அந்த பயம் உண்டு. பழைய ஃபைலோட கரண்டு வெச்ச டாக்டர்கிட்டயே போங்க. எந்தப் பக்கம், எவ்வளவு வெச்சாங்கன்னு அதுலதான் இருக்கும். பல் திடீர்னு ஆடுதுன்னா நோய் திரும்பலயான்னும் பாத்தாகணும்.

போர்வைய வயசு மேல போடாதீங்க. கழுத்துல கரண்டு பட்டா தைராய்டு மெதுவா படுத்துடும். எனக்கும் மூணாவது வருஷம்தான் தெரிஞ்சுது. தைராய்டு ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்குற டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனைய 6 மாசத்துக்கோ வருஷத்துக்கோ ஒருக்கா எடுக்கணும்.

கரண்டு பட்டா தாடை இறுகவும் செய்யலாம். வாய் எவ்வளவு தொறக்குது? மூணு விரல் செங்குத்தா நுழையணும்.

ராணிப்பேட்டை நர்ஸ்:
அக்கா சொன்னது சரி. செக்கப் 5 வருஷம் வரைக்கும் சில மாசத்துக்கு ஒருக்கா, அப்புறம் வருஷத்துக்கு ஒருக்கா. புகையிலைய விட்டாரா? நீங்க அதச் சொல்லவே இல்லயே.

குடியாத்தம்காரன்:
விட்டேன்ங்குறாரு. சட்டைப் பையில பொட்டலம் இருந்துச்சு, அம்மா தூக்கிப் போட்டாங்க. விரல் வெச்சுப் பாத்தோம், ஒன்றரைதான் நுழையுது. களி வேணாம், கூழே போதும்னு ஒரு வருஷமா சொல்றது இதுக்குத்தானா! பல் டாக்டர்கிட்ட வரலன்னுட்டேன். ஃபைலு அரிசி டிரம்முக்குப் பின்னாடி கெடச்சுது. நாளைக்கு விடியகால பஸ்சு.