நாலு வயசுப் பிள்ளைக்கு யூதப் பண்டிகைப் படப்புத்தகம், எதைப் பார்த்து வாங்குறது?

தாழம்பூ:
வீட்டுக்காரர் யூதர், நான் தமிழ். மகளுக்கு நாலு வயசு, சின்னவனுக்கு ஒன்றரை. பண்டிகைகளைப் படப்புத்தகத்துல காட்டிப் பழக்கலாம்னு தேடினா, எங்க பார்த்தாலும் ஹனுக்காங்கிற விளக்குப் பண்டிகைதான். அவரைக் கேட்டா "எல்லாம் நல்லாத்தான் இருக்கும், வாங்கு" என்கிறார். எதை வச்சுத் தரம் பிரிக்கிறது?

ஏட்டுச்சுருள்:
குழந்தைகள் நூலகத்துல வேலை பார்க்கிறேன். முதல்ல கதையைப் படிக்காதீங்க, படத்தைப் பாருங்க. ஹனுக்கா விளக்குக்கு ஒன்பது கிளை: ராத்திரிக்கு ஒண்ணா எட்டு, அதையெல்லாம் ஏத்துற ஷமாஷ் ஒண்ணு. மூணாம் ராத்திரின்னு கதை சொன்னா படத்துல நாலு சுடர் எரியணும். உங்க மகள் விரல் வச்சு எண்ணுவா, தப்பா இருந்தா விடமாட்டா!

எகிப்துல அடிமைத்தனம் நீங்கினதைக் கொண்டாடுற பஸ்கா பண்டிகை மேசையில பின்னல் ரொட்டி வரைஞ்சிருந்தா அப்பவே கீழ வச்சிடுங்க. புளிச்ச மாவு வீட்டுலயே இருக்கக் கூடாத நாள் அது, மட்சாங்கிற புளிக்காத ரொட்டிதான் இருக்கணும். சுக்கோத்துங்கிற கூடாரப் பண்டிகைப் பந்தலுக்கு ஓட்டுக்கூரை போட்டாலும் அதே கதிதான். தழைக்கூரை வழியா நட்சத்திரம் தெரியணும்.

ஹனுக்கா சின்னப் பண்டிகைதாங்க, கிறிஸ்துமஸ் சமயத்துல வர்றதால அதுக்கு இந்த மவுசு. நீங்க பஸ்காவுல ஆரம்பிங்க. பஸ்கா விருந்து நடக்கிற செடர் ராத்திரி, இந்த ராத்திரி மட்டும் ஏன் வித்தியாசம்னு நாலு கேள்வி கேட்கிறது வீட்டுக் கடைக்குட்டியோட வேலை. தம்பிக்குப் பேச்சு வர்ற வரைக்கும் அக்காதான் கேட்கணும். அந்தக் கேள்விகளும் ஒளிச்சு வச்ச அஃபிகோமன்ங்கிற மட்சாத் துண்டைத் தேடுற கூத்தும் இருக்கிற புத்தகமா எடுங்க. பஸ்கா கதையில எகிப்து மேல வந்த பத்து வாதைகள்ல தலைச்சன் பிள்ளைகள் சாவை விலாவாரியாச் சொல்றது இப்போ வேண்டாம், தவளைக் கூட்டம் வர்ற வாதையோட நிறுத்திக்கலாம்.

கிலுகிலுப்பை:
சின்னவனுக்கு அட்டைப் புத்தகம் மட்டும், கடிச்சாலும் தாங்கும். வாராந்திர ஓய்வு நாளான ஷப்பாத் பத்தினதா இருந்தா வாராவாரம் வெள்ளிக்கிழமை எடுக்கலாம். பூரிம் பண்டிகைக் கதையைச் சத்தமா வாசிங்க, யூதர்களை அழிக்கப் பார்த்த ஆமான் பேர் வரும்போதெல்லாம் கிலுக்கி ஆட்டிக் கூச்சல் போடுறதுதான் வழக்கமே. பிஜே லைப்ரரின்னு ஒண்ணு 2005-லேர்ந்து யூதக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இலவசமா புத்தகம் அனுப்புது, உங்க ஊருக்கு உண்டான்னு பாருங்க.

தாழம்பூ:
தவளைன்னா இவளுக்கு உயிர், அது போதும். பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூருக்கு என்ன காட்டுறது? பட்டினி நாளாச்சே.

ஏட்டுச்சுருள்:
சின்னப் பிள்ளைங்களுக்கு விரதம் கிடையாது. யோனாவை மீன் விழுங்கின கதையை எடுங்க. அன்னிக்குச் சாயங்காலம் ஜெப ஆலயத்துல வாசிக்கிறதும் அதைத்தான்.