அப்பாவுக்குக் கழுத்துல ஸ்டென்ட் வெச்ச கதை

கடைமடைக்காரன்:
போன குறுவை அறுப்பு சமயம். கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருக்குன்னு நெல்லை எடுக்கல. ரோட்டுல கொட்டி, அப்பா காலால கிளறிக்கிட்டு இருந்தார். திடீர்னு இடது கண்ணுல ஷட்டர் இறங்கின மாதிரி இருட்டு. பத்து நிமிஷத்துல தெளிஞ்சிடுச்சு. சுணை விழுந்திருக்கும்னு கண்ணைக் கழுவிட்டு வேலையைப் பார்த்தோம்.

மூணாம் நாள் ராத்திரி வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவறப்ப வலது கை விரல் மடங்கல. டப்பி கவிழ்ந்து வேட்டியெல்லாம் வெள்ளை. கால் மணி நேரத்துல அதுவும் சரியாப் போச்சு. அம்மாதான் விடல, விடிஞ்சதும் தஞ்சாவூருக்கு வண்டி கட்டிட்டாங்க.

டாப்ளர்ங்கற ரத்த ஓட்ட ஸ்கேன்ல இடது கழுத்து ரத்தக் குழாய் 80 சதவீதம் அடைப்பு. இடது கண்ணுக்கும் ரத்தம் அதுலேர்ந்துதான், வலது கையை ஆட்டுற மூளைப் பக்கத்துக்கும் அதுலேர்ந்துதான். கழுத்தைத் திறந்து அடைப்பை வழிச்சு எடுக்கலாம், இல்ல குழாயை விரிச்சுப் பிடிக்க ஸ்டென்ட்ங்கற வலைக் குழாய் வைக்கலாம். இந்த ரெண்டையும் ஒப்பிட்டு 2010-ல வந்த கிரெஸ்ட்ங்கற ஆய்வை வெச்சு டாக்டர் சொன்னார்: ஸ்டென்ட்ல ஸ்ட்ரோக் கொஞ்சம் கூட, ஆபரேஷன்ல ஹார்ட் அட்டாக் கொஞ்சம் கூட, 70 தாண்டினவங்களுக்கு ஆபரேஷனே மேல். அப்பாவுக்கு 66, ஏற்கெனவே ஹார்ட்டுல பைபாஸ் ஆனவர். ஸ்டென்ட்னு முடிவாச்சு, அதுவும் ரெண்டு வாரத்துக்குள்ள.

தொடை இடுக்கு வழியாத்தான் போனாங்க. துணுக்கு எதுவும் மூளைக்கு ஓடாம இருக்க மேலே குட்டிக் குடை மாதிரி ஒரு வடிகட்டி. அப்பா முழிச்சுக்கிட்டேதான் இருந்தார். வலது கையில ஒரு பீப்பி பொம்மை, சொல்றப்பல்லாம் அமுக்கணும். சத்தம் நின்னா மூளைக்கு ஏதோ ஆச்சுன்னு அர்த்தமாம். அடைப்பை விரிக்கற பலூனை ஊதினதும் நாடி 34-க்கு இறங்கி, ஊசி போட்டுத் தூக்கினாங்க. அதுக்கப்புறம் ரெண்டு நாள் பிரஷர் 80-ஐத் தாண்டல, ஐ.சி.யூ.வுல டிரிப்ஸ். பிரஷரை அளக்கற நரம்பு முனைங்க கழுத்துல அந்த இடத்துலதான் இருக்காம். ஸ்டென்ட் உள்ளேர்ந்து நெட்டித் தள்ள, பிரஷர் ஏறிடுச்சுன்னு நினைச்சு உடம்பே அதை அடக்குது. அடிக்கடி நடக்கறதுதான்னு பிறகு சொன்னாங்க. பத்துத் தாள்ல கையெழுத்து வாங்கினவங்க முன்னாடியே இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்த ரெண்டு ராத்திரி அம்மா வராந்தாவுல உக்காந்து அழுதிருக்க மாட்டாங்க.

சீர்காழி மருமகள்:
எங்க மாமனாருக்கு நேர் எதிர், அண்ணா. வீட்டுக்கு வந்து நாலாம் நாள், ஸ்டென்ட் வெச்ச பக்கமே மண்டையைப் பிளக்கற வலி. பிரஷர் 190. தைலம் தேய்ச்சோம். சாயங்காலம் வலிப்பு. பல நாளா சொட்டுச் சொட்டா ரத்தம் போன இடத்துக்கு ஒரேயடியாப் பாயுதுன்னாங்க. வறண்டு கிடந்த வாய்க்கால்ல மேட்டூர்த் தண்ணி முழுசா வந்தா கரை தாங்குமா? மூளையில ரத்தம் கசியறதுக்குள்ள பிரஷரை இறக்கிட்டாங்க. வீட்டுக்குப் போனதும் ஒரு மாசம் காலை மாலை பிரஷர் பார்க்கச் சொன்னாங்க. ஒரு பக்கத் தலைவலின்னா தைலத்தைத் தேடாதீங்க, வண்டியைக் கூப்பிடுங்க.

வெண்ணாற்றங்கரை:
பல் பிடுங்கறதுக்காக, ரத்தம் உறையாம இருக்கக் குடுத்த ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் ரெண்டு மாத்திரையையும் எங்க அம்மா தானா நிறுத்திட்டாங்க. ஸ்டென்ட் வெச்சு இருபது நாள்கூட ஆகல. டாக்டர் திட்டின திட்டு மறக்காது. உள்ளே ரத்தம் உறைஞ்சா அடைப்பு மறுபடி வந்துடுமாம். பல்லை ஒத்திப் போட்டோம். ஒரு சந்தேகம்: சலூன்ல கழுத்துக்குச் சொடக்கு எடுக்கலாமா?

கடைமடைக்காரன்:
கூடவே கூடாதுன்னுட்டார் எங்க டாக்டர். அப்பாவுக்கு அது இல்லாம முடிவெட்டுனாப்பலயே இல்லையாம். கடைப்பக்கம் போனா ஆசை வந்துடும்னு கடைக்காரரையே வீட்டுக்கு வரச் சொல்லிட்டோம். திண்ணையில வெச்சு வெட்டறார், அம்மா பக்கத்துலயே நிக்கறாங்க.