என்.ஏ.பி.எச். போர்டு இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூடுதலாகச் செலவழிக்கலாமா?

மதுரைவாசி:
அம்மாவுக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். பார்த்து வைத்திருக்கும் இரண்டு தனியார் ஆஸ்பத்திரிகளில் ஒன்றின் வாசலில் பெரிதாக என்.ஏ.பி.எச். (ஆஸ்பத்திரிகளுக்குத் தர அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) போர்டு, இன்னொன்றில் எதுவும் இல்லை, ஆனால் சொந்தக்காரர்கள் எல்லோரும் அங்கே இருக்கும் டாக்டரைத்தான் சொல்கிறார்கள், செலவும் குறைவு. அம்மாவுக்குச் சர்க்கரை வேறு. போர்டை நம்பலாமா?

வார்டு சிஸ்டர்:
முதலில் அது எந்தச் சான்றிதழ் என்று பாருங்கள். முழு அங்கீகாரம் வேறு, என்ட்ரி லெவல் என்ற ஆரம்பநிலைச் சான்று வேறு. என்ட்ரி லெவலில் நிபந்தனைகள் ரொம்பக் குறைவு. என்.ஏ.பி.எச். இணையதளத்தில் ஆஸ்பத்திரி பெயரைத் தேடினால் தெரிந்துவிடும். முழு அங்கீகாரம் என்றால் மதிப்பு உண்டு, ஏனென்றால் வெளியிலிருந்து வரும் அசெஸர்கள் (மதிப்பீட்டாளர்கள்) ஃபைலோடு விடாமல் வார்டு, தியேட்டர், பார்மசி எல்லாம் சுற்றி, டியூட்டி நர்ஸை நிறுத்தி வைத்தே கேள்வி கேட்பார்கள். கையில் பட்டை கட்டி, பெயரையும் ஐ.பி. (உள்நோயாளி) நம்பரையும் சரிபார்த்த பிறகே மருந்து கொடுக்கும் பழக்கம் எங்கள் வார்டுகளில் அப்படித்தான் நிலைத்தது.

தென்காசி_குமார்:
சிஸ்டர் சொல்வது சரி, ஆனால் அங்கீகாரம் ஆஸ்பத்திரி நடக்கும் முறைக்குத்தான், டாக்டரின் கைத்திறமைக்கு இல்லை. மூட்டு மாற்றில் பெரிய பயம் இன்ஃபெக்ஷன், சர்க்கரை இருந்தால் இன்னும் அதிகம். மூட்டு மாற்றியவர்களில் எத்தனை பேருக்குச் சீழ் பிடித்தது என்று கணக்கு இருக்கிறதா, மயக்கம் கொடுக்கும் முன்பும் கத்தி வைக்கும் முன்பும் தியேட்டரை விட்டு வெளியே கொண்டுவரும் முன்பும் சரிபார்க்கும் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலைப் பயன்படுத்துகிறார்களா, எச்.பி.ஏ.1.சி. (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) எவ்வளவு இருந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவார்கள் என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள்.

நெல்லை மகள்:
அரசு ஆஸ்பத்திரியை ஏன் விட்டுவிட்டீர்கள்? அங்கே என்.க்யூ.ஏ.எஸ். என்று தனித் தரச்சான்று உண்டு, குறைந்தது 70 சதவீதம் எடுத்தால்தான் தேசியச் சான்று, அதுவும் 3 ஆண்டுக்குத்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் விசாரியுங்கள்.

மதுரைவாசி:
தேடிப் பார்த்தேன், என்ட்ரி லெவல்தான். அப்புறம், இன்ஃபெக்ஷன் கணக்கை யாரிடம் கேட்பது, டாக்டரிடமா?

வார்டு சிஸ்டர்:
டாக்டரிடமும் கேளுங்கள். ஆனால் இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் நர்ஸ் யார் என்று கேட்டு அவரையும் பாருங்கள், மாதாமாதம் அந்தக் கணக்கை எடுப்பது அவர்தான். அப்படி ஒருவரே இல்லை என்றால் அங்கே அம்மாவைச் சேர்க்க வேண்டாம்.