மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பற்றிய சிறுவர் நூலில் நீர்த்துளி பேசலாமா?

குலசேகரம் டீச்சர்:

மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்காக, கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு குன்றிலிருந்து எதிர்க்குன்றுக்குக் கால்வாய் நீரைத் தொட்டியில் கொண்டுசெல்லும் மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பற்றி 32 பக்கத்தில் ஒரு படநூல் எழுதிக்கொண்டிருக்கிறேன். மலையில் விழுந்த ஒரு மழைத்துளி பட்டணங்கால்வாயில் இறங்கி, பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் தொட்டிக்குள் ஓடி, எதிர்க்குன்றைத் தொட்டு, வயலுக்குப் போய்ச் சேரும் வரை தன் பயணத்தைத் தானே சொல்வதாக அமைத்திருக்கிறேன். பாலத்தை நெருங்கும் பக்கம் இப்படி வருகிறது: ‘கீழே பெரிய பள்ளம். விழுந்துவிடுவேனோ என்று பயந்தேன். அக்கரையில் நாற்றுகள் தாகத்தோடு காத்திருந்தன. எப்படியாவது போய்விட வேண்டும் என்று ஓடினேன்.’

படித்துப் பார்த்த இரண்டு பேர், அறிவியல் நூலில் துளியைப் பேசவைப்பது பிள்ளைகளை ஏமாற்றுவதாகும் என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதில் ஒரு பிள்ளை அடுத்த பக்கத்தைப் புரட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் துளியாக இருந்தால் கால்வாய் போகும் வழியெல்லாம் கதையும் போகும். நரியும் காக்கையும் பேசுவதைக் கேட்டு வளர்ந்த நம்மில் எவரும் காக்கையிடம் போய்ப் பேச்சுக் கொடுக்கவில்லையே.

நீர்மட்டம்:

டீச்சர், பாசனக் கால்வாய்ப் பணிகளில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். துளி பேசுவதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அது ஆசைப்படுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. தண்ணீர் ஏன் ஓடுகிறது என்று கேட்டால், உங்கள் பக்கத்தைப் படித்த பிள்ளை ‘நாற்றுக்குத் தாகம், அதனால் ஓடியது’ என்று சொல்லும். தொட்டியின் அடித்தளம் இந்தக் குன்றிலிருந்து அந்தக் குன்றை நோக்கிக் கண்ணுக்குத் தெரியாத அளவு சரிந்திருக்கிறது என்பதே உண்மையான காரணம். அந்தச் சரிவைக் கணக்கிட்டு, இரு குன்றுகளிலும் மட்டம் பார்த்து, 28 தூண்களை அதற்கேற்ற உயரத்தில் நிறுத்தியவர்கள் 1960-களில் இங்கே வெயிலில் நின்ற மனிதர்கள். துளி தன் துணிச்சலால் பள்ளத்தைக் கடந்ததாகச் சொன்னால் அவர்களுடைய வேலை கதையிலேயே இல்லாமல் போகிறது.

இன்னொன்று, இந்தப் பாலம் எழுப்பும் மிகச் சுவையான கேள்வியை உங்கள் நூல் தொடவே இல்லை. குழாயைப் பள்ளத்துக்குள் இறக்கி எதிர்க்குன்றில் ஏற்றியிருந்தால் பாலமே தேவைப்பட்டிருக்காதே? வீடு கட்டும் இடத்தில் கொத்தனார் தண்ணீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் டியூப்பை வைத்து மட்டம் பார்ப்பதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். ஒரு முனை இந்தச் சுவரிலும் மறுமுனை அந்தச் சுவரிலும் இருக்க, நடுப்பகுதி தரையில் கிடக்கும். உள்ளே குமிழி இருந்தால் விரலால் சுண்டி வெளியேற்றுவார். பிறகு இரு முனைகளிலும் தண்ணீர் நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போடுவார். கீழே இறங்கிய தண்ணீர் அதே மட்டத்துக்கு மேலே ஏறி நிற்கும் என்பது அந்த டியூப்பிலேயே தெரிந்துவிடும். ஒரு முனையைச் சற்றுத் தாழ்த்தினால் அதன் வழியே வழியவும் செய்யும். இந்த முறையில் ஆற்றுக்கு அடியில் கால்வாயைக் கடத்துவதும் உலகத்தில் நடப்பதுதான். ஆனால் 115 அடி, அதாவது 35 மீட்டர் ஆழத்தில், நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய மூன்றரை மடங்கு அழுத்தம் கூடுதலாகக் குழாயின் சுவரைத் தள்ளும். மழைக்காலத்தில் வரும் மணலும் தென்னை மட்டையும் அடி வளைவில் போய் அடைத்தால் எடுப்பது பெரும்பாடு. திறந்த தொட்டியில் அந்தத் தொல்லை இல்லை, சுமைதான் உண்டு. ஏழரை அடி அகலமும் ஏழடி உயரமும் உள்ள தொட்டி விளிம்பு வரை நிரம்பினால், ஒவ்வோர் அடி நீளத்திலும் சுமார் ஒன்றரை டன் தண்ணீர் நிற்கும். குழாயா, தொட்டியா என்று பிள்ளையே யோசிக்கும்படி ஒரு பக்கத்தை விட்டுவைத்தால், மற்ற 31 பக்கங்களைப் பற்றி நான் வாயே திறக்கமாட்டேன்.

குலசேகரம் டீச்சர்:

டியூப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன், சார். பள்ளிச் சுவரிலேயே செய்து பார்க்கலாம். மூன்றரை மடங்கு அழுத்தத்தை எட்டு வயதுப் பிள்ளையிடம் சொல்லிப் பயனில்லை என்பதால் அதை விட்டுவிடுவேன்.

கதையை மட்டும் விடமாட்டேன். ‘கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் நுண்ணுயிர்கள் பெருகுவது தடைபடும்; ஆகவே அக்கானி (பதநீர்) புளிக்காது’ என்று வகுப்பில் ஒருமுறை படித்துக் காட்டினேன். பிழையில்லாத வாக்கியம்தான், ஆனால் ஒரு பிள்ளைகூட வாய் திறக்கவில்லை. அதையே, அப்பாவின் கலயத்தில் சுண்ணாம்பு தடவ மறந்துவிட்ட ஒரு சிறுமியின் கதையாக மாற்றிச் சொன்னபோது, எவ்வளவு தடவ வேண்டும், குடிக்கும்போது வாய் ஏன் வேகவில்லை, சுண்ணாம்பு கூடிப்போனால் கருப்பட்டி என்ன ஆகும் என்று கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. கடைசிக் கேள்விக்குப் பனையேறி ஒருவரைத்தான் கேட்க வேண்டியிருந்தது. விளக்கம் எவ்வளவு சரியாக இருந்தாலும், கேட்பவருக்கு அதில் ஏதோ ஒன்று நடந்தாக வேண்டும்.

நீர்மட்டம்:

அந்தக் கதையில் கலயம் பேசவில்லையே, டீச்சர். மறந்தது ஒரு சிறுமி, புளித்தது அக்கானி, நடுவில் இருந்தது வேதியியல். நானும் இதைத்தான் கேட்கிறேன். மட்டம் பார்க்கும் கருவிக்குப் பின்னால் குனிந்து நிற்கும் ஒருவரையோ, தலைச்சுமையாகக் காங்கிரீட் ஏற்றிய ஒரு பெண்ணையோ கதையின் ஆளாக்குங்கள். பேச்சிப்பாறை அணையைப் பற்றி எழுதுவதாக இருந்தால், 1906-இல் அது முடியும் வரை மிஞ்சின் என்ற பொறியாளர் இங்கேயே கிடந்தார் என்பதே கதைக்குப் போதுமான தொடக்கம்.

அலைவாய்க்கரை:

மிஞ்சின் வந்துவிட்டாரா? இனி அது பெரிய மனிதர் வரலாறாகத்தான் போகும். கல் சுமந்தவர்களுக்கு ஒரு படம், அவருக்குப் பத்துப் பக்கம் என்று முடியும்.

என் எதிர்ப்பு உங்கள் இருவருக்கும் பொது. நான் கடற்கரை ஊரில் சிறுவர் படிப்பகம் நடத்துகிறேன். அங்கே வரும் பொறியியல் நூல்கள் அனைத்தும் திறப்புவிழாவோடு முடிந்துவிடுகின்றன. டீச்சரின் துளி வயலில் விழுந்ததும் நாற்று சிரிக்கும், நூல் முடிந்துவிடும். கால்வாயின் கடைசியில் இருக்கும் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்ற செய்தி ஒவ்வோர் ஆண்டும் நாளிதழில் வருவதும், தண்ணீர் போய்ச் சேரவேண்டிய வயல்களில் பல இன்று ரப்பராகவும் வாழையாகவும் வீட்டுமனையாகவும் மாறியிருப்பதும் அந்தத் துளிக்குத் தெரியவே தெரியாது. எங்கள் பிள்ளைகளுக்கோ கட்டுமானத்தின் பின்விளைவு கண்முன்னே இருக்கிறது. தூண்டில் வளைவு என்று கடலுக்குள் கல்லை நீட்டிப் போடுகிறார்கள். அலையோடு கரையோரமாக நகர்ந்துகொண்டிருந்த மணல் கல்லின் ஒரு பக்கத்தில் தேங்குகிறது. மறுபக்கத்துக்கு வரவேண்டிய மணல் வராததால் அங்கே கரை அரிக்கிறது. ஓர் ஊர் தப்பிக்க, அடுத்த ஊரில் கடல் வீட்டுவாசலுக்கு வருகிறது. கன்னியாகுமரியில் 2024 டிசம்பரில் திறந்த 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலத்தைப் பற்றி நாளை ஒருவர் எழுதினாலும், அதன் அழகைச் சொல்வாரே தவிர, உப்புக்காற்றில் இரும்பு என்ன ஆகும், அதைக் காப்பாற்ற யார் எப்படிப் பூச்சுப் பூசுகிறார்கள் என்பதைச் சொல்லமாட்டார்.

குலசேகரம் டீச்சர்:

எட்டு வயதுப் பிள்ளையின் கையில் மாவட்டத்தின் மனக்குறைகளையெல்லாம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. முதலில் வியக்கட்டும், குறை சொல்லப் பின்னால் காலம் இருக்கிறது.

நீர்மட்டம்:

இதில் நான் அலைவாய்க்கரையின் பக்கம். அதைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை, சோதனையாகவே செய்யலாம். அகலமான தட்டில் ஈரமணலைச் சரித்துக் கரையாக்கி, தண்ணீர் ஊற்றி, ஒரு மூலையிலிருந்து அட்டையால் சாய்வாகச் சிற்றலை எழுப்பினால் மணல் கரையோரமாக நகரும். குறுக்கே ஒரு ஓட்டுத்துண்டை நட்டுவிட்டு அதே அலையைத் தொடர்ந்தால், எந்தப் பக்கம் சேர்கிறது, எந்தப் பக்கம் கரைகிறது என்று பிள்ளையே சொல்லிவிடும். அதற்குப் பிறகு ‘அடுத்த ஊர்க்காரர்களுக்கு என்ன சொல்வாய்?’ என்ற ஒரு வரி போதும். கட்டுவதைப் போலவே, கட்டியபின் என்ன ஆனது என்று போய்ப் பார்ப்பதும் எங்கள் வேலைதான். எங்களில் பலர் அதைச் செய்யவில்லை என்பது வேறு கதை.

தாளும் மையும்:

அச்சுத் தொழிலில் இருப்பவன் ஒரு வார்த்தை சொல்லலாமா? 32 பக்கத்துக்குள் துளி, கொத்தனார், தூண்டில் வளைவு என்று எல்லாம் ஏறினால் படத்துக்கு இடம் இருக்காது. தூண்டில் வளைவைத் தனி நூலாக்குங்கள், அலைவாய்க்கரையே எழுதட்டும்.

அலைவாய்க்கரை:

எழுதுகிறேன். ஆனால் கடைமடை டீச்சரின் நூலில்தான் வர வேண்டும். அது அவருடைய கால்வாய்.

குலசேகரம் டீச்சர்:

கடைமடைக்கு ஒரு பக்கம் தருகிறேன், குற்றச்சாட்டாக அல்லாமல், வரப்பில் நின்று தண்ணீரை எதிர்பார்க்கும் ஒருவரின் படமாக. துளி நூலில் இருக்கும், சார். இனி எதற்கும் ஆசைப்படாது. அந்தப் பக்கத்தை இப்படி மாற்றியிருக்கிறேன்: ‘கீழே பெரிய பள்ளம். நான் விழவில்லை. எனக்குக் கீழே தொட்டி இருந்தது. தொட்டி அக்கரைப் பக்கம் கொஞ்சம் சரிந்திருந்தது. அதனால் ஓடினேன். அதை அப்படிச் சரித்து வைத்தது யார்?’ அடுத்த பக்கத்தில் மட்டம் பார்ப்பவர்கள் வருகிறார்கள்.

நீர்மட்டம்:

விடை துளிக்குத் தெரியாதது நல்லது. துளியே வேண்டாம் என்பதுதான் இன்னமும் என் எண்ணம். இருந்தாலும் இந்த வாசகத்தில் பிழை சொல்ல எனக்கு இடமில்லை. நீங்கள் குழுவில் பகிர்ந்த மாதிரிப் படத்தில் மட்டும் ஒரு திருத்தம். ஓவியர் 19 தூண்கள் வரைந்திருக்கிறார், வாசகத்தில் 28 என்று இருக்கிறது. படிக்கிற பிள்ளை விரல் வைத்து எண்ணும். படத்தை இரண்டு பக்கத்துக்கு விரித்தாவது மீதி ஒன்பதையும் வரையச் சொல்லுங்கள்.