முதல் வரிசை ஷிங்கிள்ஸ் இறவாரத்தில் ஒட்டவில்லை: ஸ்டார்ட்டர் வரிசையில் பிழையா?

கேள்வி

வணக்கம். கனடாவின் ஸ்காபரோவில் உள்ள எங்கள் கராஜ் கூரைக்குக் கடந்த நவம்பரில் ஒரு ஒப்பந்தக்காரர் புதிய மூன்று மடல் ஷிங்கிள்ஸ் (கீழ்ப்பாகம் மூன்று மடல்களாக வெட்டப்பட்ட தார்க் கூரைத் துண்டுகள்) போட்டுத் தந்தார். கோடை முடியப்போகும் இந்நேரத்தில் மற்ற வரிசைகள் எல்லாம் இறுக ஒட்டியிருக்க, இறவாரத்தில் உள்ள முதல் வரிசை மட்டும் விரலால் தூக்கினாலே எழும்புகிறது. காற்று பலமாக அடித்தால் படபடக்கிறது. முதல் வரிசைக்கு அடியில் வரும் ஸ்டார்ட்டருக்குத் தனிப் பட்டி வாங்காமல், முழு ஷிங்கிளையே மடல்கள் மேல்நோக்கி இருக்கும்படி திருப்பி அடித்ததாக அவர் சொல்கிறார். ஷிங்கிளின் பின்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் நாடா ஒன்றும் இருக்கிறது. அதை உரிக்காமல் விட்டதுதான் காரணமா?

மறுமொழி 1

நாடாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கட்டுக்குள் ஷிங்கிள்ஸ் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதிருக்கவே அது இருக்கிறது, உரிக்கத் தேவையில்லை. நவம்பர் குளிரும் காரணமாக இருக்க முடியாது, ஏனெனில் அதே குளிரில் போட்ட மற்ற வரிசைகள் கோடை வெயிலில் ஒட்டிவிட்டன.

பிழை ஸ்டார்ட்டரைத் திருப்பியதில்தான் இருக்கிறது. முதல் வரிசையின் கீழ் விளிம்பைப் பிடித்துவைக்க வேண்டியது ஸ்டார்ட்டரின் மேலுள்ள பசைக் கோடு. அது இறவார விளிம்புக்கு அருகிலேயே, மேல்நோக்கி இருக்க வேண்டும். முழு ஷிங்கிளைத் தலைகீழாக வைத்தால் அந்தக் கோடு ஆறு அங்குலத்துக்கும் மேலே போய்விடுவதால், காற்று முதலில் நுழையும் இடத்தில் பிடிமானம் எதுவும் இருப்பதில்லை. திருப்புவதற்குப் பதிலாக, மூன்று மடல்களையும் வெட்டி எறிந்துவிட்டு, பசையுள்ள மேல்பாகத்தை மட்டும் இறவாரத்தில் வைத்திருக்க வேண்டும்.

ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள்: ஸ்டார்ட்டரின் மூட்டுகளும் முதல் வரிசையின் மூட்டுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றனவா?

கேட்டவர்

பார்த்தேன். இரண்டு வரிசைகளும் ஒரே பக்கத்திலிருந்து முழுத் துண்டாகத் தொடங்கியிருப்பதால், எல்லா மூட்டுகளும் நேருக்கு நேர் வருகின்றன.

மறுமொழி 1

மூட்டுகள் விலகியிருந்தால், ஒவ்வொரு மடலின் அடியிலும் கூரைத் தார்ப்பசையை 25 சத நாணய அளவில் இரண்டு பொட்டுகளாக வைத்து அழுத்தினால் போதும் என்றிருப்பேன். பசையை அள்ளிப் பூசினால் ஷிங்கிள் கொப்பளிக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

மறுமொழி 2

உங்கள் கூரைக்குப் பசை மட்டும் போதாது. மூட்டின் கீழ் மூட்டு இருந்தால், அந்த இடைவெளியில் இறங்கும் நீர் நேராக, ஷிங்கிள்ஸுக்கு அடியில் பலகைமேல் விரித்த பனிக்காப்பு உறைக்குப் போய், பலகை விளிம்பை நாளடைவில் உளுத்துப்போகச் செய்யும். அந்த உறை கடைசிக் காப்பே தவிர, ஆண்டு முழுவதும் நீரோடும் வழி அல்ல.

கீழிரண்டு ஷிங்கிள் வரிசைகளையும் அடியிலுள்ள பழைய ஸ்டார்ட்டரையும் தட்டைக் கடப்பாறையால் நெம்பிக் கழற்றுங்கள். இரண்டாம் வரிசையின் ஆணிகள் முதல் வரிசையின் மேல் விளிம்பையும் துளைத்துச் செல்வதால், முதலாவதை மட்டும் உருவ முடியாது. மூன்றாம் வரிசையின் ஆணிகளையும் இதே காரணத்தால் பிடுங்க வேண்டியிருக்கும். மிதமான வெப்பமுள்ள காலை வேளையே இதற்கு ஏற்றது. உச்சி வெயிலில் ஷிங்கிள்ஸ் கிழியும், கடுங்குளிரில் வெடிக்கும்.

புதிய ஸ்டார்ட்டரின் முதல் துண்டில் ஆறு அங்குலத்தை வெட்டிவிட்டுத் தொடங்குங்கள். 36 அங்குல ஷிங்கிளில் மடல் வெட்டுகள் 12 அங்குலத்துக்கு ஒன்றாக வருவதால், ஸ்டார்ட்டரின் மூட்டு அப்போது ஒரு மடலின் நடுவில் மறைந்துவிடும். இறவார விளிம்பிலுள்ள உலோகச் சொட்டுத் தகட்டைத் தாண்டி கால் முதல் முக்கால் அங்குலம் வரை நீட்டினால் போதும். அதற்கு மேல் நீட்டினால் விளிம்பு தொங்கி உடையும். ஆணிகளை இறவாரத்திலிருந்து இரண்டு மூன்று அங்குலம் மேலே, மடல் வெட்டுகளில் வெளியே தெரியாதபடி அடியுங்கள்.

செப்டம்பருக்குள் முடித்தால் வெயிலே பசையை ஒட்டிவிடும். தாமதமானால், புதிதாகப் போடும் எல்லா வரிசைகளுக்கும் தார்ப்பசைப் பொட்டுகளைக் கையால் வைக்க வேண்டும்.